பெட்டிக்கு வெளியே ஒரு ராணி

பரமத்தி வேலூர் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் கிணற்றில் தேனீ அடைந்திருக்கிறது என்று ஆள் வந்து சொன்னால், தொழில் தெரிந்தவர் எடுத்துக்கொண்டு கிளம்பும் சாமான் அதிகம் இருக்காது. ஒரு காலிப் பெட்டி, கத்தி, புகைப்பான், தண்ணீரில் ஊறிய வாழை நார், சட்டைப் பையில் ஒரு வெறும் தீப்பெட்டி. கிணற்றுச் சுவர்ப் பொந்திலிருந்து புழுவுள்ள அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, மரச்சட்டத்துக்குள் பொருத்தி, வாழை நாரால் கட்டிப் பெட்டிக்குள் இறக்க ஒரு மணி நேரமாவது பிடிக்கும். அத்தனை நேரமும் ஒரே ஒரு பூச்சியின் மேல்தான் கண் இருக்க வேண்டும். ராணி பெட்டிக்குள் போய்விட்டால் மற்றவை வரிசை கட்டிப் பின்னாலேயே நடந்து போகும். வாசலில் சில தேனீக்கள் வாலைத் தூக்கி இறக்கையை விசிறி, வழி தவறியவற்றுக்கு மணத்தால் ஆள் அனுப்பும். ராணி நழுவிவிட்டாலோ மொத்தக் கூட்டமும் பக்கத்துத் தென்னை மட்டையில் கொத்தாகப் போய்த் தொங்கும். அறுத்துக் கட்டிய அடையெல்லாம் எறும்புக்குத்தான்.

தீப்பெட்டி இதற்குத்தான். ராணி கண்ணில் பட்டதும் பிடித்து உள்ளே விட்டு, காற்றுக்கு ஊசியால் நாலு துளை போட்டு, அடைகளைக் கட்டி முடிக்கும்வரை ஓரமாக வைத்திருப்பார்கள். ஓர் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்கு அது போதும்.

ஆனால் எங்கே வைத்திருப்பது? கை நிறைய வேலை இருக்கும்போது வண்டி சீட்டின் மேலோ பெட்ரோல் டேங்கின் மேலோ வைத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. சித்திரை வெயிலில் நின்ற மோட்டார் சைக்கிள் சீட்டில் மனிதனே உட்கார யோசிப்பான். திரும்பி வந்து தீப்பெட்டியைத் திறந்தால் ராணி ஓடும், ஆடும், உயிரோடுதான் இருக்கும். பெட்டிக்குள் விட்டால் முட்டையும் இடும். எல்லாம் சரி என்று ஆள் வீட்டுக்குப் போய்விடுவார். இரண்டு மாதத்தில் கூட்டம் தேய்ந்து, பெட்டியில் ஆண் தேனீ மட்டும் சோம்பேறியாகத் திரியும்போது, ‘ராணி சரியில்லை’ என்பார். ராணி சரியாகத்தான் இருந்தது. கெட்டுப்போனது அதன் வயிற்றுக்குள் இருந்த சேமிப்பு.

பொரித்து வந்த சில நாட்களில் ராணி வெளியே பறந்து, நடுவானில் பல ஆண் தேனீக்களோடு இணைகிறது. அப்போது சேர்த்துக்கொண்ட விந்தணுக்களை ஒரு சிறு பையில் வைத்து ஆயுள் முழுக்க, இரண்டு மூன்று ஆண்டுகள், கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறது. விந்தணு சேர்ந்த முட்டை வேலைக்காரத் தேனீயாகும். சேராத முட்டை ஆண் தேனீயாகும். முட்டையிடத் தொடங்கிய ராணி மறுபடி இணையப் போவதில்லை. ஆகவே பையில் இருப்பது செத்தால் செத்ததுதான்.

அமெரிக்காவில் ஜெஃப் பெட்டிஸ் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. ராணிகளை 40 டிகிரி செல்சியஸ் சூட்டிலும், 5 முதல் 8 டிகிரி குளிரிலும் ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம்வரை வைத்தார்கள். ராணிகளின் வயிற்றில் இருந்த விந்தணுக்களில் பெரும்பகுதி அதற்குள்ளாகவே செத்துவிட்டிருந்தது. 2020இல் அலிசன் மெக்காஃபி குழுவினர் எல்லையையும் குறித்தார்கள்: 15 முதல் 38 டிகிரிவரை பாதகமில்லை. இரண்டும் இத்தாலியத் தேனீயில் செய்த சோதனைகள். நம் பெட்டிகளில் இருக்கும் இந்தியத் தேனீக்கும் இதே எல்லையை மனதில் வைத்துக்கொள்வதில் நட்டமில்லை.

சேலத்துக்காரருக்கு அந்த 38 என்ற எண் பழகியது. ஏப்ரல், மே மாதங்களில் நிழலில் தொங்கும் வெப்பமானி மத்தியானத்தில் சாதாரணமாகக் காட்டுவது அதைத்தான். சில நாள் 40. நிழலிலேயே இப்படியென்றால் ஓட்டு வீட்டுப் பரண், தகரக் கொட்டகை, கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் எல்லாம் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குளிர்நாட்டில் எழுதிய தேனீ நூல்கள் ராணிக் கூண்டைச் சட்டைப் பையில் வைத்து உடம்புச் சூட்டில் காப்பாற்றச் சொல்லும். ஏற்காட்டில் மார்கழி மாதம் அந்த யோசனை பலிக்கும். ஆத்தூரிலோ ராசிபுரத்திலோ பங்குனிக்கு மேல் அதைப் படித்துவிட்டு நடப்பது வினை. இந்தச் சமவெளியில் வெளியே எடுத்த ராணியைப் பசி கொல்வதற்கு முன்னால் வெயில் கொன்றுவிடும். இந்த அத்தியாயத்தில் சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

பிடிக்கும் விதம்

இந்தியத் தேனீ ராணி கறுத்த உடம்புக்காரி, ஓட்டமும் அதிகம். சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டியதும் அடையின் மறுபக்கத்துக்கு ஓடும், சில நேரம் பறந்தும் விடும். பறந்துவிட்டால் அந்த இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும். பெட்டியையும் மூடக் கூடாது. பல நேரம் சில நிமிடத்தில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து இறங்கும்.

பிடிக்க வேண்டியது இறக்கையை, இல்லையென்றால் மார்புப் பகுதியை. வயிற்றை அழுத்தவே கூடாது. பழக்கமில்லாதவர் முதலில் ஆண் தேனீக்களைப் பிடித்துப் பழகலாம். அவற்றுக்குக் கொடுக்கு கிடையாது, பத்துப் பதினைந்தைப் பிடித்துவிட்டால் விரலுக்கு அளவு தெரிந்துவிடும். ராணிக்குக் கொடுக்கு உண்டு என்றாலும் மனிதரைக் கொட்டுவது அபூர்வம். அது ஆயுதத்தை வேறொரு ராணிக்காக வைத்திருக்கிறது. சில ராணிகள் பிடித்தவுடன் காலை மடக்கிச் சுருண்டு விழுந்துவிடும். செத்துவிட்டது என்று எறிந்துவிட வேண்டாம். நிழலில் உள்ளங்கையில் வைத்துச் சற்றுப் பொறுத்தால் பல நேரம் எழுந்து நடக்கும்.

கூண்டில் அடைக்கும் வேலையை வீட்டுக்குள் ஜன்னல் பக்கம் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு கண்ணாடி ஜன்னலைத் தவிர மற்றதை மூடிவிட்டால், தப்பிய ராணி நேராக அந்தக் கண்ணாடியில் போய் முட்டி நிற்கும். மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

கூண்டும் தீனியும்

தீப்பெட்டி ஒரு மணி நேரச் சங்கதி. அதற்கு மேல் என்றால் கூண்டு வேண்டும். உலகம் முழுக்க ராணிகள் பயணம் செய்த கூண்டு ஃபிராங்க் பென்டன் என்ற அமெரிக்கர் 1880களில் வடிவமைத்தது. இதே பென்டன் மலைத்தேனீயைத் தேடி இலங்கை, இந்தியா, ஜாவா என்று அலைந்தவர் என்பது இன்னொரு சுவாரசியம். மலைத்தேனீ அவருக்கு வசப்படவில்லை. ஆனால் அவருடைய கூண்டு இன்றும் தபாலில் போய்க்கொண்டிருக்கிறது. விரல் நீள மரத்துண்டில் ஒன்றையொன்று தொட்டபடி மூன்று வட்டக் குழிகள், மேலே கம்பி வலை, இரண்டு முனையிலும் அடைப்பு போட்ட துவாரம், இவ்வளவுதான். ஒரு குழியில் தீனி, மற்ற இரண்டில் ராணியும் தோழிகளும். உள்ளூர்த் தச்சர் ஒரு பழைய பழப்பெட்டிப் பலகையில் பத்து நிமிடத்தில் குடைந்து தந்துவிடுவார். பெயின்ட், வார்னிஷ், பசை எதுவும் கூடாது. ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலைக் கம்பியை ஆணியால் அடித்தால் போதும்.

தீனிதான் பலர் சறுக்கும் இடம். தேனை அப்படியே ஊற்றினால் ராணி அதில் ஒட்டிக்கொண்டு மூச்சடைத்துச் சாகும். வேண்டியது, பொடித்த சர்க்கரையில் தேன் விட்டுப் பிசைந்த உருண்டை. ஒரு பங்கு தேனுக்கு மூன்று, மூன்றரைப் பங்கு சர்க்கரை போகும். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக, கையில் ஒட்டாத பதம்வரை பிசைய வேண்டும். உருட்டி ஒரு தட்டில் இரவு முழுக்க வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். காலையில் உருண்டை உருண்டையாகவே இருந்தால் சரி, அடை மாதிரி பரவியிருந்தால் இன்னும் சர்க்கரை வேண்டும். இரவுக் குளிர்ச்சியிலேயே பரவுகிற மாவு மத்தியானத்தில் ஓடும்.

சர்க்கரையைக் கடையில் பொடியாக வாங்காமல் வீட்டு மிக்ஸியில் அரைத்துத் துணியில் சலிப்பது நல்லது. கடைப் பொடியில் கட்டியாகாமலிருக்க மாவுச்சத்து கலந்திருக்கலாம், அது தேனீக்குச் செரிக்காது. ஜவ்வரிசிக்குப் பேர்போன சேலத்தில் மாவுக்குக் குறைவில்லை, அதைத் தேனீயிடம் காட்ட வேண்டாம். பிலிக்கல்பாளையம் மண்டியில் நல்ல அச்சு வெல்லம் கிடைக்கும், நாட்டுச் சர்க்கரையும் கிடைக்கும். மனிதருக்கு எவ்வளவு நல்லதோ, அடைத்துவைத்த தேனீக்கு அவ்வளவு கெடுதல். வெளுக்காத சர்க்கரையில் இருக்கும் கசடுகள் குடலில் தேங்கி வயிற்றுப்போக்கில் கொண்டுவிடும். கூண்டுக்குள் வெளியே போய்வர வழியில்லை. ‘ரசாயனம் போட்ட வெள்ளைச் சர்க்கரையா?’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ராணிக்கு வெள்ளைதான் மருந்து.

தேனும் சொந்தப் பெட்டித் தேனாக, நோயில்லாத கூட்டத்தின் தேனாக இருக்க வேண்டும். 1991-92இல் தென்னிந்தியாவுக்குள் பரவிய தாய்லாந்து பைப்புழு நோய், இந்தியத் தேனீக் கூட்டங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் காலி செய்தது. பெட்டி பெட்டியாகப் புழுக்கள் நீர் கோத்த பை மாதிரி ஆகிச் செத்ததைப் பார்த்தவர்கள், ஊர் பேர் தெரியாத தேனை இன்னும் பெட்டிப் பக்கம் கொண்டுவர மாட்டார்கள்.

தீனி இருந்தாலும் ராணி தனியாக நெடுநேரம் தாங்காது. ராணியின் வழக்கமான உணவு, இளம் வேலைக்காரத் தேனீக்கள் தலையில் சுரக்கும் அரசக்கூழ். அதை வாயோடு வாய் வைத்து ஊட்ட ஆள் வேண்டும். ஆகவே அதே கூட்டத்திலிருந்து ஆறு முதல் எட்டுத் தோழிகளைச் சேர்த்து அடைக்கிறோம். எந்தத் தேனீயை எடுப்பது? வாசலில் காவல் நிற்பவையும் மகரந்தம் சுமந்து வருபவையும் கிழடுகள். புழுவுள்ள அடையில் அறைக்குள் தலையை நுழைத்து நிற்பவற்றைப் பிடித்தால் அவை செவிலிப் பருவத்தில் இருப்பவை. அறைக்குள் தலை இருக்கும்போது இறக்கையைப் பிடித்து எடுப்பதும் சுலபம். கூண்டுத் துவாரத்தைப் பெருவிரலால் மூடி மூடித் திறந்து, முதலில் ராணியை விட்டு, பிறகு ஒவ்வொன்றாக அனுப்பலாம்.

தண்ணீரை மறந்துவிடக் கூடாது. வறண்ட காற்றில் சர்க்கரை உருண்டை கல்லாகிவிடும், தேனீயால் கரைத்துத் தின்ன முடியாது. காலையும் மாலையும் ஈரப் பஞ்சை வலையின் மேல் ஒற்றினால் போதும். சொட்டச் சொட்ட நனைத்தால் உள்ளே குளம்.

எங்கே வைப்பது

வீட்டிலேயே குளிர்ந்த இடம் சமையலறையில் தண்ணீர்ப் பானைப் பக்கம்தான். மண்பானை கசிந்து காயும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்து சூட்டை எடுத்துக்கொள்கிறது. இன்னும் நல்ல ஏற்பாடு வேண்டுமானால், பெரிய மண்தொட்டிக்குள் ஈர மணல் பரப்பி, அதன் நடுவில் ஒரு சின்னக் கலயத்தை வைத்து, கலயத்துக்குள் கூண்டைச் சாய்த்து நிறுத்தி, மேலே ஈரத்துணி போடலாம். துணி கூண்டைத் தொடக் கூடாது. உள்ளே ஒரு வெப்பமானி இருந்தால் மனசு நிம்மதி. 25க்கும் 30க்கும் இடையில் நின்றால் ராணி சௌக்கியம். ஃபிரிட்ஜ் பக்கம் மட்டும் போகவே கூடாது. மேலே சொன்ன 5 டிகிரி சோதனை அங்கே தினமும் நடந்துகொண்டிருக்கிறது.

வெயிலுக்கு அடுத்த எதிரி, கண்ணுக்குத் தெரியாமல் சுவரில் செருகியிருக்கும் கொசு மருந்து. திரவமோ சுருளோ, அதில் இருப்பது பூச்சியைக் கொல்லும் மருந்து. கொசுவுக்கும் தேனீக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை. ராணி இருக்கும் அறையில் அன்று கொசுக்கடியைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். எறும்பு இன்னொன்று. சர்க்கரை உருண்டையின் வாசம் சித்தெறும்புக்கு நாலு அறை தாண்டித் தெரியும், அது கம்பி வலைக் கண்ணுக்குள் தாராளமாக நுழையும். கலயம் வைத்த தொட்டியை நீர் நிரப்பிய தாம்பாளத்தில் நிறுத்திவிட்டால் அந்தக் கவலை இல்லை. பல்லி மேலிருந்து வரும், அதற்குத் துணி.

மார்த்தாண்டத்திலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ ராணியைக் கொண்டுவருபவர் இரவுப் பேருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூண்டு மடியில் வர வேண்டும். பேருந்தின் அடிப்பெட்டியிலும் என்ஜின் மூடியின் மேலும் வைத்தது பார்சலாக வரும், ராணியாக வராது.

எத்தனை நாள்? இத்தாலிய ராணி தோழிகளோடு தபாலில் ஒரு வாரம், பத்து நாள் தாங்கி வந்திருக்கிறது. ராணி வளர்ப்பைத் தொழிலாகச் செய்பவர்கள், ராணியில்லாத வலுவான கூட்டத்துக்குள் பல கூண்டுகளைத் தொங்கவிட்டு வாரக்கணக்கில் காப்பாற்றுவதும் உண்டு. அந்தக் கூண்டுகளில் தோழிகள் இருக்காது. வெளியே இருக்கும் தேனீக்கள் வலை வழியே ஊட்டும். நம் இந்தியத் தேனீக்கு மூன்று நாளைத் தாண்டாமலிருப்பதே நல்லது. தோழிகளில் இரண்டு மூன்று செத்துக் கிடந்தால் அவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றைச் சேர்க்க வேண்டும். மூன்று நாளுக்கு மேல் தேவைப்படும் என்று முன்பே தெரிந்தால் கூண்டை நினைக்காமல், புழு அடை ஒன்றும் தேன் அடை ஒன்றும் தேனீயோடு சேர்த்து ஒரு சிறு பெட்டியில் போட்டு ராணியை அதில் குடிவைத்துவிடலாம். கூண்டில் ராணி முட்டையிடுவதை நிறுத்தி மெலியும், சிறு பெட்டியில் வேலை தொடரும். பாதிப் பேர் கூண்டை நாடுவது சிறு பெட்டி செய்யச் சோம்பல்பட்டுத்தான்.

திரும்பக் குடியேற்றுதல்

கூண்டு ராணியால் இந்தியத் தேனீ வளர்ப்பின் போக்கே மாறிய கதை ஒன்று உண்டு. 1962 முதல் 1964 வரை, இன்று இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கும் நக்ரோட்டா பக்வானில், பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் அத்வால் குழுவினர் இத்தாலிய ராணிகளை இந்தியத் தேனீக் கூட்டங்களுக்குள் குடியேற்றினார்கள். கூட்டத்தின் சொந்த ராணியை எடுத்துவிட்டு, அயல் இனத்து ராணியை அந்த இடத்தில் அமர்த்தினார்கள். இந்தியச் செவிலிகள் இத்தாலியப் புழுக்களை வளர்த்தன. செவிலிகள் வயதாகி மறைய, புதிதாகப் பிறந்தவை இடத்தைப் பிடித்தன. இத்தாலியத் தேனீ இந்த நாட்டில் காலூன்றியது அப்படித்தான்.

அவ்வளவு பொறுமை காட்டியவர்களுக்கே கைகூடிய காரியத்தை அவசரத்தில் செய்யக் கூடாது. ராணியை எடுத்த சில மணி நேரத்துக்குள் கூட்டம் அதன் வாசனை குறைவதை உணர்ந்துவிடும். ராணியின் தாடைச் சுரப்பியிலிருந்து பரவும் இந்த வாசனைக்கு 1954இல் ‘ராணிப் பொருள்’ என்று பெயர் வைத்தவர் இங்கிலாந்தின் காலின் பட்லர். வாசனை போனதும் கூட்டம் இளம்புழு உள்ள அறைகளை நீட்டிப் புது ராணி அறை கட்டத் தொடங்கிவிடும். அப்படிக் கட்டியவற்றை ஒன்று விடாமல் அழித்துவிட்டுத்தான் கூண்டை உள்ளே வைக்க வேண்டும். சொந்த ராணியையே திருப்பி வைக்கிறோமென்றால் ஒரு நாள் கூண்டோடு இருந்தால் போதும். வேற்றுக் கூட்டத்து ராணியென்றால் தோழிகளை எடுத்துவிட்டு, தீனித் துவாரத்தின் அடைப்பை நீக்கி, இரண்டு புழு அடைகளுக்கு நடுவே வலை தேனீயைப் பார்த்திருக்கும்படி செருக வேண்டும். உருண்டையை வெளியிலிருந்து தின்று வழி திறக்க இரண்டு மூன்று நாளாகும். அதற்குள் வாசனை பழகிவிடும்.

பழகிவிட்டதா என்று வலையைப் பார்த்தே சொல்லலாம். வெளியே நிற்பவை வலையைக் கடித்துக்கொண்டு இறுகக் கவ்வியிருந்தால், விரலால் தள்ளினாலும் நகராவிட்டால், பகை தீரவில்லை. நாக்கை நீட்டி ஊட்டிக்கொண்டு, தள்ளினால் விலகிப்போனால் திறந்துவிடலாம். அவசரப்பட்டுத் திறந்த ராணியைச் சில நேரம் இருபது முப்பது தேனீக்கள் நெல்லிக்காய் அளவுக்குப் பந்தாகச் சூழ்ந்து அமுக்கும். கையால் பிரிக்க முயன்றால் ராணி நசுங்கும். பந்தை அப்படியே ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டால் தேனீக்கள் தாமாகப் பிரியும், ராணியை எடுத்து மறுபடி கூண்டில் அடைக்கலாம்.

கிணற்றிலிருந்து எடுத்த கூட்டத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. இந்தியத் தேனீ இடம் பிடிக்காவிட்டால் மொத்தமாக ஓடிவிடும் குணமுள்ளது. அடைகள் சட்டத்தோடு ஒட்டி, நாரைத் தேனீயே கடித்து எறியும்வரை வாசலில் ராணித் தடுப்பு இருக்கட்டும். இத்தாலியத் தேனீக்கென்று விற்கும் தடுப்பை வாங்கினால் மெலிந்த இந்திய ராணி அதில் நழுவிவிடும்.

விடுவித்த பிறகு ஐந்தாறு நாள் பெட்டியைத் தொடக் கூடாது. ஏழாம் நாள் காலையில் நடு அடையை எடுத்து, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க, வெளிச்சம் அறையின் அடிவரை விழும்படி சாய்த்துப் பார்க்க வேண்டும். அறைக்கு ஒன்றாக, அடித்தளத்தின் மையத்தில் முட்டை வெள்ளை நூல் துணுக்கு மாதிரி நின்றால் ராணி வேலைக்கு வந்துவிட்டது. ஒரே அறையில் மூன்று நான்கு, சுவரோரமாக ஒட்டிக் கிடந்தால் ராணி போய், வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கியிருக்கின்றன. இந்தியத் தேனீயில் இது சீக்கிரமே நடக்கும்.

வெயில் பட்ட ராணியின் கணக்கு அன்று தெரியாது. இன்னொரு பத்து நாள் கழித்து, மூடிய புழு அறைகளைப் பார்க்க வேண்டும். வேலைக்காரத் தேனீயின் மூடி தட்டையாக, ஒரே பரப்பாக இருக்கும். ஆண் தேனீயின் மூடி கூம்பி எழுந்து, உச்சியில் ஊசி முனை அளவு ஒரு துளையோடு இருக்கும். தட்டை மூடிகளுக்கு நடுவே, வேலைக்காரத் தேனீக்கான சின்ன அறைகளிலேயே அந்தக் கூம்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுந்திருந்தால், தீப்பெட்டி அன்று எங்கே வைத்திருந்தது என்று யோசித்துப் பார்த்துவிட்டு, வேறு ராணிக்கு ஏற்பாடு செய்ய வேண்டியதுதான்.